கலப்பத்து அடித்த பட்டாளத்து வண்டி

என் வீட்டுக்காரர் பர்மா சண்டையிலிருந்து உயிரோடு திரும்பி வந்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. நானும் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். கல்யாணமான நாலாம் மாதம் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவர். சண்டை முடிந்து வந்து நின்றபோது, இவர் முழுசாக வந்திருக்கிறாரா, பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வந்த புதிதில் ஒரு விடியற்காலையில், தூக்கத்தில் புரண்ட என் கை அவர் மேல் பட்டிருக்க வேண்டும். என்னைத் தூக்கிச் சுவரோடு எறிந்துவிட்டார். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிறகுதான் நான் யாரென்று தெரிந்து அப்படியே குந்திவிட்டார். என் கையில் கிடந்த கண்ணாடி வளையல் எல்லாம் நொறுங்கிப் போயிருந்தன. வெளிச்சம் வந்ததும் தரையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். 

அன்றைக்கே பாயை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். கொஞ்ச நாளில் முற்றமும் சரிப்படவில்லை. கடற்கரையில் ஏற்றிப் போட்டிருக்கும் யாராவது ஒருத்தருடைய வள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

"வளவிதான ஒடஞ்சிது? கையா ஒடஞ்சிது? உள்ள வந்து படுங்க" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பயமே இல்லை என்று சத்தியம் பண்ணாத குறை. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். சாப்பிட்டு முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருவில் உள்ளவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏளா, வீட்ட வச்சிக்கிட்டு ஒம் மாப்ள என்னத்துக்குக் கடக்கரையில கெடக்காரு?" என்று கேட்டார்கள். காற்றுக்கு என்று சொல்லி வைத்தேன். மார்கழி வாடையிலும் அதையேதான் சொன்னேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வண்டி வந்தது. மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், ஒரு உப்பு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு ரப்பர் சக்கரம், மேலே ஒரு இரும்புச் சட்டம், முன்னால் லாரியோடு மாட்டுகிற வளையம். அவ்வளவுதான். பச்சைப் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது. பின்பக்கத் தகட்டில் வெள்ளை எழுத்தில் ஏதோ நம்பர். அதுவும் பாதி அழிந்துவிட்டது. சண்டையில் அவர் லாரிக்குப் பின்னால் இந்த மாதிரி ஒன்றுதான் ஓடியதாம்.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"மேல ஒரு அறை கட்டப் போறேன். சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காட்டுல அங்கங்க ஆயில் இஞ்சின் போட்டிருக்காங்க. பழுது பாக்க ஆள் கெடயாது. இதுல தங்கிக்கிட்டே ஒவ்வொரு எடமாப் போயிப் பாக்கலாம்."

"தங்கிக்கிட்டேன்னா? அப்ப இந்த வீடு எதுக்கு?"

சக்கரத்தைச் சுற்றிவிட்டு அச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் அந்த வண்டியைக் கொஞ்சின கொஞ்சல் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல. துருவைச் சுரண்டினார், கிரீஸ் போட்டார், ஒவ்வொரு நட்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து மாட்டினார். கட்டின பெண்டாட்டியின் கையை அந்த மாதிரி ஒரு நாள் பிடித்துப் பார்த்திருப்பாரா? ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இல்லை. அப்போது குசினிக்குள் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

வண்டி செய்கிற தச்சனிடம் கேட்டால், மாட்டு வண்டி என்றால் செய்வேன், இந்தப் பட்டாளத்து இரும்போடு எனக்குச் சகவாசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதனால் திரேஸ்புரத்திலிருந்து ஒரு ஓடாவியைக் கூட்டி வந்தார். ஓடாவி என்றால் வள்ளமும் தோணியும் கட்டுகிற தச்சன். வாய் நிறைய வெற்றிலையோடு வந்த அந்த மனுஷன் சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணியில ஓடினா என்ன, மண்ணுல ஓடினா என்ன? எனக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டுதேன்" என்றார்.

அவருக்குத் தெரிந்தது வள்ளம். அதனால் வள்ளம்தான் கட்டினார். முதல் பலகை வைக்கும்போது அதற்கடியில் ஒரு காசு வைத்தார். பக்கப் பலகைகள் மேலே போகப் போக வெளியே சாய்ந்து விரிந்தன. ஜன்னல் வேண்டும் என்று இவர் சொன்னதற்கு, "பக்கத்துல ஓட்ட போட்டு எனக்குப் பழக்கமில்ல தம்பி, தண்ணி ஏறிரும்" என்று தலையை ஆட்டிவிட்டு, தோணியில் வைப்பது போலக் கூரையில் ஒரு மூடி வைத்துக் கொடுத்தார். பின்னால், தண்ணீர் ஏறாதபடி முழங்காலுக்கு மேல் உயரத்தில் ஒரு கதவு, இரண்டு படி. உள்ளே தட்டுகளுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு விளிம்பு, அலை அடித்தால் சாமான் விழாமல் இருக்க. தேரிக்காட்டில் எந்த அலை அடிக்கப் போகிறது என்று நான் கேட்டதற்கு, வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

இடது பக்கம் ஒரு கட்டில் அடித்தார்கள். வெளியில் நின்றே என் கையால் அளந்து பார்த்தேன். ஒரு ஆள் படுக்கலாம், புரள முடியாது. வலது பக்கம் இஞ்சின் சாமான் வைக்க இடம். எனக்கு அதற்கு மேல் யாரும் ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது கலப்பத்து. அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். என் அப்பா தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து, உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். வெளியே நின்று அடிக்கிறவனுக்கு எது அடைபட்டது, எது அடைபடவில்லை என்று தெரியாது. உள்ளே ஒரு ஆள் வேண்டும். மூடியைப் போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து, எங்கே வெளிச்சம் கீற்றாகத் தெரிகிறது என்று குரல் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் சின்ன வயதில் அந்த ஆள் நான்தான். அவர் உளியால் தட்டுவார், நான் உள்ளேயிருந்து மேலே, கீழே என்பேன். நான் வயதுக்கு வந்ததும் அது நின்றுபோனது. இவர் பர்மாவில் இருந்த காலத்தில் அப்பா இறந்துவிட்டார். உளியும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலும் மட்டும் ஒரு சாக்கில் என்னிடம் இருந்தன.

ஓடாவி கலப்பத்து அடித்து முடித்துவிட்டு, வழக்கப்படி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். வள்ளமாக இருந்தால் உள்ளே தண்ணீரை நிரப்பி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். இதையும் அப்படித்தான் பார்த்தார்கள். தெருப் பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுக்க, முழங்கால் உயரத்துக்கு நிரப்பினார்கள். ரப்பர் சக்கரம் நசுங்கிப் பாதி மண்ணுக்குள் போனது. ஒரு சொட்டு கசியவில்லை. ஓடாவி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்தத் தண்ணீரை இறக்க வழியில்லாமல், ஒரு தகர டப்பாவால் இறைத்து இறைத்து ஊற்றியபோதுதான் என் வீட்டுக்காரர் சிரித்தார். பர்மாவிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பைக் கண்ட சந்தோஷத்தில், உள்ளே ஈரத்தைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தேன்.

"ஏளா, ஏளா, கால எடு" என்று ஓடாவி பதறினார். "புது வள்ளம். பொம்பள கால் படலாமா? மொதப் பாடு மீன் ஏறட்டும், பெறவு பாத்துக்கிடலாம்."

எங்கள் கரையில் அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். புது வள்ளம் கடலுக்குப் போய் முதல் முதலாக மீன் கொண்டு வரும்வரை பெண்கள் அதில் ஏற மாட்டார்கள். ஆனால் இது வள்ளமா? "ரப்பர் சக்கரம் போட்ட வள்ளத்த இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றேன். "இது என்னைக்கு மீன் புடிச்சி, நான் என்னைக்கு ஏற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பட்டாளத்தில் சாதிமதம் பாராமல் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தின்றவர், சகுனம் கிகுனம் என்றால் எரிந்து விழுகிறவர். அட, ஏறட்டும் ஓடாவி, என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே முடுக்கின ஒரு நட்டைத் திரும்ப முடுக்கினார். வழக்கம் ஓடாவியுடையது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர் இவர்.

சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். வண்டியா வள்ளமா என்று கேட்காமல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். வள்ளத்துக்குப் பெயர் எழுத முன்பக்கம் ஒரு இடம் விடுவார்கள். ஓடாவி இதிலும் விட்டிருந்தார். அம்மா பேரோ, பெண்டாட்டி பேரோ, கோவிலில் உள்ள ஒரு அர்ச்சிஷ்டவர் பேரோ எழுதுவது வழக்கம். கடைசி வரைக்கும் அந்த இடம் சும்மாதான் இருந்தது. நானும் கேட்கவில்லை.

ஏரலுக்கு வாழைத்தார் ஏற்றப் போகும் லாரிக்குப் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் கிளம்பிப் போனார்.

மாதம் ஒரு தடவை வருவார். விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். துவைத்த துணி, உப்பு, மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் போய்விடுவார். நான் ஒருத்திக்கு உலை வைத்தேன். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்பது கடைசி வரை எனக்குக் கைவரவில்லை. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் அதையே தின்றேன். கொழும்புக்குப் போகிற தோணிகள் பாய் விரித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதில் போகிறவர்களுடைய பெண்டாட்டிகள் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். சண்டைக் காலத்தில் நானும் எண்ணினேன். அப்போது சண்டை முடியும், இவர் வருவார் என்று ஒன்று இருந்தது. இப்போது எதை எண்ணுவது? மனுஷர் ஒரு பகல் தூரத்தில் உயிரோடு இருக்கிறார், வந்து தங்கமாட்டார். எனக்கு அவர் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். இதை யாரிடம் போய்ச் சொல்ல? புருஷன் சண்டையில் போய்ச் சேர்ந்தவர்கள் நாலு பேர் தெருவில் இருக்கும்போது, வந்த புருஷனை வைத்துக்கொண்டு அழுகிறவளுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்?

ஆனி பிறந்து மேல்காற்று எழும்பியதும் வாழைத்தார் லாரிக்காரத் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மைனி, அண்ணாச்சி வண்டி வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு. பலகைக்குப் பலகை விரலு போவுது. தேரிமண்ணு பூராவும் உள்ளதான் வருது. அண்ணாச்சிக்குக் கண்ணெல்லாம் செவந்து போச்சி. வீட்டுக்குப் போங்கன்னு சொன்னா, கேக்க மாட்டேங்காரு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிளக்காமல் என்ன செய்யும்? வள்ளத்துப் பலகை தண்ணீரில் ஊறி உப்பினால்தான் ஒன்றோடொன்று இறுகும். கரையில் ஏற்றி வைத்தால்கூடக் கிடுகு போட்டு மூடி, கடல் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கொண்டுபோய்ச் செம்மண் காட்டில், சித்திரை வைகாசி வெயிலில் போட்டால் காய்ந்து சுருங்கி, பஞ்செல்லாம் கழன்று விழத்தானே செய்யும். இது ஓடாவிக்கும் தோன்றவில்லை, கலப்பத்துக்காரர் மகளான எனக்கும் தோன்றவில்லை. கடலை விட்டுத் தள்ளி ஒரு பலகை எப்படிப் பிழைக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு யோசித்துப் பழக்கமில்லை.

நல்லா வேணும், மண்ணைத் தின்னட்டும், என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டேன். ராத்திரி உட்கார்ந்து பஞ்சைத் திரியாகத் திரித்தேன். விடிந்ததும் அப்பாவின் உளியையும் கொட்டாப்புளியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் வாளைக் கருவாடும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாத்தான்குளத்தில் இறங்கி ஒரு மாட்டு வண்டி பேசினேன். தேரி தொடங்குகிற இடத்தில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல சக்கரம் பொதையும்மா. அந்தா பனைக்கு அங்கன தெரியுதுல்லா, அதான். பொழுது சாயும் முன்ன வந்துருங்க, கடைசி பஸ் போயிரும்" என்றார். நான் நடந்தேன். கண்ணுக்கு எட்டின மட்டும் சிவப்பு மணல். ஒரு அடி எடுத்து வைத்தால் அரை அடி உள்ளே போகிறது. திரும்பிப் பார்த்தால், வந்த தடத்தைக் காற்று அழித்துவிட்டிருந்தது. ஒரு மனுஷன் இங்கே தனியாக எப்படிக் கிடக்கிறார் என்று நினைத்தபோது, வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நாலு பனைக்கு நடுவில் வண்டி நின்றது. முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார். தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டியும் காற்று அதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இடுக்குகளில் பழைய பட்டாளத்துச் சட்டையைக் கிழித்துத் திணித்து வைத்திருந்தார். தாடியும் சிவந்த கண்ணுமாக அவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

"யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க அப்பா கொட்டாப்புளிதான் வரச் சொல்லிச்சி. இந்தாங்க, கருவாடு. உள்ள வச்சிட்டு வாங்க."

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியேறி உள்ளே வைத்துவிட்டு வந்தார். நான் கீழேயே நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சட்டைக் கிழிசலையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். இதற்கு ஓடாவி செய்தது போலத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற வேலை ஆகாது, அப்பா செய்தது போல வெளிச்சம் பார்க்கிற வேலைதான் ஆகும் என்று சொன்னேன். உள்ளே ஒரு ஆள் கதவையும் மூடியையும் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் யோசித்தேன். வீட்டுக்குள்ளேயே படுக்க முடியாத மனுஷர்.

"முடியுமா ஒங்களுக்கு?"

"வெளிய நீதான நிக்க" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எங்கன தெரியுது?"

"தலமாட்டுல. மேல இருந்து மூணாவது பலக."

உளியால் தட்டினேன்.

"இன்னும் மேல. கொஞ்சம் எடதுபக்கமா. அங்கனதான்."

திரியை வைத்து அடித்தேன். பிறகு அடுத்தது. அதற்குப் பிறகு அடுத்தது. சின்ன வயதில் நான் சொன்னதையெல்லாம் இப்போது அவர் சொல்ல, அப்பா அடித்ததை நான் அடித்தேன். வந்து சேர்ந்த நாள் முதல் அவர் என்னோடு பேசின பேச்சையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு மத்தியானத்துக்குக் காணாது. மேல, கீழ, அங்கன, இங்கன என்றுதான். அது போதும் என்றிருந்தது எனக்கு.

ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போனபோது, கேட்காமலேயே அவர் பேச ஆரம்பித்தார்.

"லாரிக்கு அடியிலதான் படுப்போம். எனக்குப் பக்கத்துல ஒரு கூட்டாளி. விடியக்காலம் என்னை எழுப்ப வந்தான். யாருன்னு பாக்கும் முன்ன அவன் கழுத்தப் புடிச்சிட்டேன்."

என் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாத. அடி" என்றார்.

அடித்தேன். கொட்டாப்புளிச் சத்தம் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"நாலு பேரு சேந்து இழுத்தாங்க. அவன் பொழச்சிக்கிட்டான். ஆனா பெறவு எம் பக்கத்துல படுக்கல. யாரும் படுக்கல. அன்னைக்கு ஒன் வளவியப் பொறுக்கும்போது, இது கழுத்தா இருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சேன். அதான்."

அழுதேன். காற்றில் மண் பறந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது. உள்ளேயிருக்கிறவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு ஆள் மட்டும் படுக்கிற கட்டிலை என்னைத் தள்ளி வைக்க அடித்தார் என்றல்லவா இத்தனை நாள் எண்ணியிருந்தேன். தள்ளி வைக்கத்தான் அடித்திருக்கிறார். ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

இடுக்குகள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டு இடுக்கை ஒரே மூச்சில் சொன்னவர், பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துச் சொன்னார். நானும் மெதுவாகத்தான் அடித்தேன். எனக்கு முடிக்க மனசில்லை. முடிந்தால் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எட்டத்தில் வண்டிக்காரர் எழுந்து மாட்டைப் பூட்டுவது தெரிந்தது.

"இன்னும் இருக்கா?"

"கால்மாட்டுல, கதவுக்கிட்ட ஒண்ணு."

அதையும் அடைத்தேன். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு வரிசையாக விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தது. பஞ்சுத்திரியும் தீர்ந்துபோயிருந்தது.

"முடிஞ்சிது" என்றேன்.

"இல்ல. தலமாட்டுல ஒண்ணு தெரியுது."

போய்ப் பார்த்தேன். முதல் முதலாக நான் அடைத்த இடம். கல் மாதிரி இருந்தது. சரி, என் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அதன் மேலேயே நாலு அடி அடித்தேன்.

"அதுக்குக் கீழ" என்றார்.

அங்கேயும் ஒன்றுமில்லை. அங்கேயும் அடித்தேன்.

"கொஞ்சம் தள்ளி."

"ஏம்மா, பொழுது சாயுது, வாரியளா?" என்று வண்டிக்காரர் தூரத்திலிருந்து கூப்பிட்டார்.

நான் கொட்டாப்புளியைக் கீழே வைத்தேன். பலகையில் கையை வைத்துக்கொண்டு, "இங்கன ஒண்ணுமே இல்லியே. எல்லாம் அடச்சாச்சே" என்றேன்.

பனையோலை சலசலத்தது.

"இருக்குளா" என்றார். "வெளிய நின்னா தெரியாது. உள்ள வந்து பாரு."

கதவு திறந்தது. நான் படிக்குக் கீழே வந்து நின்றேன். அத்தனை மாதமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"பொம்பள கால் படக்கூடாதே? மொதப் பாடு மீன் ஏறலையே?"

"கருவாடு ஏறியாச்சில்லா" என்றார்.

ஏறினேன். அவர் கதவைச் சாத்தினார். கூரை மூடியும் சாத்தித்தான் இருந்தது. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைமாடு, கால்மாடு, மேலே, கீழே என்று சின்ன வயதில் தோணிக்குள் பார்த்த மாதிரியே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். ஒரு மயிரிழை வெளிச்சம்கூட எங்கேயும் இல்லை.

வெளியே வண்டிக்காரர் இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு மாட்டுச் சலங்கைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"எங்கன தெரியுது?" என்று கேட்டேன்.

அவர் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார். நான் திரும்பக் கேட்கவில்லை.